நெட் ஜீரோ: நிகரச் சுழியம்

ஓசூர் சிப்காட் பக்கம் மின்கருவித் தொழிலில் இருப்பவர்கள் காதில் இப்போது அடிக்கடி விழும் சொல் ‘நெட் ஜீரோ’. பெரிய கம்பெனி ‘2050க்குள் நெட் ஜீரோ’ என்று அறிவிக்கும். கொஞ்ச நாளில், அதற்கு ஸ்டாம்பிங்கும் காப்பர் சுருளும் செய்து கொடுக்கும் சின்ன யூனிட்டுக்கு, ‘உங்கள் கரன்ட் பில்லும் ஜெனரேட்டர் டீசல் கணக்கும் வேண்டும்’ என்று மெயில் வரும். எதற்கென்று தெரியாமல் எண்களை நிரப்பி அனுப்புவதைவிட, சொல்லைப் புரிந்துகொண்டு நிரப்புவது நல்லது.

பொருள் இதுதான். ஒரு நிறுவனத்தால் காற்றில் கலக்கும் பசுமை இல்ல வாயுக்களை, அதாவது வெப்பத்தைப் பிடித்து வைத்துப் பூமியைச் சூடாக்கும் வாயுக்களை, முடிந்த மட்டும் குறைக்க வேண்டும். எவ்வளவு முயன்றும் குறையாத மிச்சத்துக்கு ஈடான அளவைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துவிட வேண்டும். நிறுவனங்களின் இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்.பி.டி.ஐ. அமைப்பு 2021 அக்டோபரில் இதற்கான விதியை வெளியிட்டது. அதன்படி பெரும்பாலான நிறுவனங்கள் 90 சதவீதம் அளவுக்கு நிஜமாகவே குறைத்தாக வேண்டும். காற்றிலிருந்து எடுத்து ஈடுகட்டலாம் என்பது கடைசி 10 சதவீதத்துக்கு மட்டும்தான். ‘மரம் நட்டுவிட்டோம், நெட் ஜீரோ ஆகிவிட்டோம்’ என்று சொல்வது இந்த விதிப்படி செல்லாது. இந்தியாவும் 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் இதே சொல்லால்தான் இலக்கு வைத்தது. நாட்டுக்கான ஆண்டு 2070.

‘நெட்’டுக்கு மூலம் லத்தீனின் ‘நிட்டிடுஸ்’. பளிச்சென்றது, சுத்தமானது என்று பொருள். பிரெஞ்சு, இத்தாலிய வணிகர் வழக்கில் அது ‘கழிவெல்லாம் போக மிஞ்சியது’ என்று ஆனது. ‘ஜீரோ’ நம் பக்கத்துச் சொல். வடமொழி ‘சூன்யம்’ அரபியில் ‘சிஃப்ர்’ ஆகி, லத்தீனில் ‘ஸெஃபிரம்’ ஆகி, இத்தாலியில் சுருங்கி ‘ஜீரோ’ ஆனது.

தமிழில் ‘நிகரச் சுழியம்’ என்பதே சரி என்று நினைக்கிறேன். ‘நிகர பூஜ்ஜியம்’ பத்திரிகைகளில் பழகிவிட்டது, அதிலும் தவறில்லை. முக்கியமானது ‘நிகர’ என்ற பகுதி. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் அடைக்கும் டப்பாவில் ‘நிகர எடை 3.1 கிலோ’ என்று இருந்தால், டப்பாவின் கனத்தைக் கழித்தாயிற்று என்று வாங்குபவருக்குத் தெரியும். அதே கேள்வியைக் கம்பெனியின் அறிவிப்பிடமும் கேட்கலாம்: எதிலிருந்து எதைக் கழித்தீர்கள்? ‘நிகர்’ என்றால் சமம் என்ற பொருளும் தமிழில் உண்டு. வெளியே விட்டதும் திரும்ப எடுத்ததும் சமம் என்ற கருத்துக்கு அதுவும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘பூஜ்ஜிய உமிழ்வு’ என்று சுருக்கி எழுதுவதை மட்டும் தவிர்க்கலாம். அது எதையுமே வெளியே விடாத நிலை, வேறு விஷயம்.

‘எமிஷன்’ என்பதற்கு ‘உமிழ்வு’ நல்ல சொல். உமிழ்நீரில் இருக்கும் அதே வினை. குறுந்தொகையில் ‘பாம்பு உமிழ் மணி’ என்று வருகிறது. லத்தீன் மூலத்துக்கும் ‘வெளியே அனுப்புவது’ என்றுதான் பொருள்.

‘கார்பன் உமிழ்வு’ என்பதில்தான் ஒரு சிக்கல். ‘கார்போ’ என்றால் லத்தீனில் கரி. நம் ‘கரியமில வாயு’வும் கரியிலிருந்து வந்ததே. ஆனால் மின்கருவித் தொழிலுக்கே உரிய ஒரு வாயுவில் கரி துளியும் கிடையாது. துணை மின்நிலையங்களில் ‘எஸ்.எஃப்.6 பிரேக்கர்’ என்பார்களே, அதற்குள் மின்பொறியை அணைக்க அடைத்திருக்கும் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடுதான் அது. கந்தகமும் ஃபுளோரினும் மட்டும் சேர்ந்த வாயு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் அறிக்கைப்படி, 100 ஆண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைப்போல 23,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். வாயு நிரப்பும்போது ஒரு கிலோ கசிந்தால், 23.5 டன் கரியமில வாயுவுக்கு ஈடு என்று எழுத வேண்டும். ஆகவே கணக்கில் ‘கார்பன்’ என்று வரும் இடத்தில் ‘கரியமில வாயு ஈடு’ என்று எழுதுவதே துல்லியம்.

இனி, பெரும் பங்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 2001இல் வந்த பசுமை இல்ல வாயு நெறிமுறை, கணக்கை மூன்று ‘ஸ்கோப்’பாகப் பிரிக்கிறது. தமிழில் வரம்பு எனலாம். ஆலைக்குள் எரிக்கும் டீசலும் கசியும் வாயுவும் முதல் வரம்பு. வாங்கும் மின்சாரம் இரண்டாவது. வாங்கும் இரும்பு, செம்பு முதல் விற்ற பொருள் வாடிக்கையாளரிடம் ஓடுவது வரை மற்றதெல்லாம் மூன்றாவது. சின்ன யூனிட்டுக்கு மெயில் வருவது இந்த மூன்றாம் வரம்புக்காகத்தான்.

தர்மபுரியில் ஆழ்துளைக் கிணற்றில் இறக்கிய 7.5 எச்.பி. மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓடும்போது சுமார் 7 கிலோவாட் இழுக்கும். தினம் 6 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் ஓடினால் 10,500 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், ஆண்டுக்கு 7 டன்னுக்கு மேல் வருகிறது. அந்த மோட்டாரைச் செய்யும் இரும்புக்கும் செம்புக்கும் சேர்த்தே சில நூறு கிலோதான் ஆகும். ஆலைக் கூரையில் சோலார் போட்டுவிட்டு ‘முதல் இரண்டு வரம்பில் நெட் ஜீரோ’ என்று ஒரு மோட்டார் கம்பெனி அறிவித்தால், கணக்கின் மிகப் பெரிய பகுதி இன்னும் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மோட்டாரும் பம்பும் சேர்ந்த திறன் 40 சதவீதத்திலிருந்து 50 ஆனால், அதே தண்ணீருக்கு ஐந்தில் ஒரு பங்கு கரன்ட் மிச்சமாகும். ஒரு கிணற்றிலேயே ஆண்டுக்கு சுமார் ஒன்றரை டன் குறையும்.

விவசாயத்துக்குக் கரன்ட் இலவசம் என்பதால், திறன் கூடிய மோட்டாருக்குக் கூடுதல் விலை கொடுக்கப் பில் வழியாக விவசாயிக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. இலக்கு அறிவித்த கம்பெனிதான் மூன்றாம் வரம்பையும் அதில் சேர்த்து, அந்த மோட்டாரைக் கட்டுப்படியாகும் விலையில் அவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.