கீழே புளிப்பு, மேலே சுண்ணாம்பு

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தார். வீட்டில் ஒன்றரை அடி மீன் தொட்டி, 30 லிட்டர் போர் தண்ணீர். உள்ளே ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி, நாலைந்து கப்பி மீன்கள். மேலே சிவப்பும் நீலமும் கலந்த 'செடி லைட்', தினமும் 14 மணி நேரம் எரிகிறது. கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி, இலைகளில் வெள்ளைப் பொருக்கு. "இன்னும் பவர் கூடின லைட் போடச் சொல்றாங்க. வாங்கலாமா சார்?"

வேண்டாம்.

விளக்குக் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் அதிகம் விழுங்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதற்காக ஊதா வெளிச்சம்தான் வேண்டும் என்றில்லை. வெள்ளை எல்இடியில் அவை இரண்டும் உண்டு. பச்சை ஒளியையும் இலை ஓரளவு பயன்படுத்திக்கொள்ளும். பெட்டியில் போட்டிருக்கும் லூமென் என்ற வெளிச்ச அளவு, மனிதக் கண்ணை வைத்துப் போட்ட கணக்கு. ஆனாலும் ஒரு வெள்ளை பல்பை இன்னொன்றோடு ஒப்பிட உதவும். லிட்டருக்கு 20 லூமென் என்றால் 30 லிட்டருக்கு 600. பக்கவாட்டில் சிதறுவதைக் கழித்தாலும் சாதாரண 9 வாட், 6500 கெல்வின் பல்பு போதும்.

எனக்கு ஆசை அந்த வெள்ளைப் பொருக்கின் மேல். கடையில் அதை நோய் என்றார்களாம். ஒரு இலையைக் கிள்ளி, எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னேன். பொசுபொசுவென்று குமிழி வந்ததாம். கால்சியம் கார்பனேட். செடி தானே பூசிக்கொண்டது.

கார்பன் டை ஆக்சைடு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மேலே வெளிச்சம் கொட்டுகிறது. இலையோ கார்பனுக்காகக் காத்துக் கிடக்கிறது. ஆனால் எங்கள் தருமபுரிப் பக்கத்து போர் தண்ணீரில் (ஃப்ளோரைடைப் பற்றித்தான் ஊரே பேசும், கடினத்தன்மையைப் பற்றி வெந்நீர் அண்டாவைக் கேட்க வேண்டும்) பைகார்பனேட் ஏராளம். அதற்குள்ளும் கார்பன் இருக்கிறது, உடைத்து எடுக்கத் தெரிந்தால்.

ஹைட்ரில்லாவுக்குத் தெரியும். அதன் இலை இரண்டே செல் அடுக்கு. வெளிச்சம் பலமாகவும் கார்பன் டை ஆக்சைடு குறைவாகவும் இருக்கும்போது, அடிப்பக்கச் செல்கள் புரோட்டான்களை (ஹைட்ரஜன் அயனிகளை) வெளியே தள்ளி, ஒட்டியிருக்கும் நீரைப் புளிக்க வைக்கின்றன. புளித்த நீரில் பைகார்பனேட் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது; இலை உறிஞ்சிக்கொள்கிறது. மேல்பக்கமோ எதிர்த்திசை. அங்கே நீர் காரமாகி, புளிப்பு-கார அளவான பிஹெச் 10 வரைகூடப் போகும். அந்தக் காரத்தில் கால்சியம் கரைந்து நிற்க முடியாமல் சுண்ணாம்பாகப் படிகிறது. காகிதத்தைவிட மெல்லிய ஒரே இலையில் கீழே புளிப்பு, மேலே சுண்ணாம்பு! விளக்கை அணைத்தால் இந்த வேலையும் நின்றுவிடும்.

இதை அளக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. நுண்ணிய பிஹெச் மின்முனை ஒன்றும், இங்கே பஞ்சமே இல்லாத உப்புத் தண்ணீரும் போதும். நம் கல்லூரிகளுக்கு இந்த அளவு காசாவது கொடுத்தால் என்ன என்று எனக்கு எப்போதும் ஒரு வருத்தம்.

எல்லாச் செடிக்கும் இந்த வித்தை வராது. ஜாவா மாஸ் மாதிரி மாஸ் வகைச் செடிகளுக்குத் தெரியாது. அவற்றுக்கு வெளிச்சத்தைக் குறைத்துவிடுவது நல்லது. ஹைட்ரில்லாவே ஆனாலும் 14 மணி நேரம் அதிகம். செடிக்கு மிஞ்சிய வெளிச்சம் கண்ணாடியில் பாசியாகிறது. மாலைக்குள் தொட்டி நீர் முழுவதுமே காரமாகும்போது, மீன் கழிவிலிருக்கும் அம்மோனியத்தில் ஒரு பகுதி, நச்சான அம்மோனியாவாக மாறுகிறது. மீன் செத்தால் "திருஷ்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு" என்பார்கள். வாஸ்து மூலையை விட்டுவிட்டு ஸ்விட்சைப் பார்க்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு எழுதிவிட்டேன்: புது லைட் வேண்டாம். வெள்ளை பல்பு, ஒரு டைமர், மதியம் 2 முதல் இரவு 9 வரை. அப்புறம், பொருக்கை நகத்தால் சுரண்ட வேண்டாம், இலை கிழிந்துவிடும். புதிதாக விடும் இலைகளில் அது குறைகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.