அந்த 41 விநாடி யாருடையது?

முட்டம் கடற்கரை மக்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தை எடிட் செய்து கொடுத்திருந்தோம். ஒளிபரப்புக்கு அனுப்பிய இடத்திலிருந்து பதில் வந்தது: “படம் சரி. க்யூ ஷீட் எங்கே?” நாகர்கோவிலில் கல்யாண வீடியோவில் தொழில் பழகியவர்களிடம் இதை யாரும் கேட்பதில்லை. அதனால் எனக்கும் அது புதிதாகத்தான் இருந்தது.

படத்தில் எந்த இசை எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, மொத்தம் எவ்வளவு நேரம், இசையமைத்தவர் யார், பாட்டு எழுதியவர் யார், வெளியீட்டு உரிமை யாரிடம், யாருக்கு எத்தனை பங்கு என்று வரிசையாக எழுதிய பட்டியல்தான் க்யூ ஷீட். இசை எந்த வகையில் வருகிறது என்பதும் அதில் இருக்கும். பின்னணியில் ஒலிக்கும் கருவியிசையா, பின்னணிப் பாட்டா, திரையில் ஒருவர் வாசிப்பது தெரிகிறதா, தலைப்பிசையா என்று பிரித்து எழுத வேண்டும். படம் ஒளிபரப்பாகும்போது உரிமைச் சங்கங்கள் இந்தத் தாளைப் பார்த்துத்தான் யாருக்குப் பணம் சேர வேண்டும் என்று கணக்குப் போடுகின்றன. நம் நாட்டில் இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள், வெளியீட்டாளர்களுக்கான ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் 1969-லிருந்து இருக்கிறது. ஒரு படத்தில் இடம்பெறும் பாட்டு, தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது அதற்கு வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள பங்கை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது என்று 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தப் பணம் உரியவரிடம் போய்ச் சேர இந்தத் தாளில் பெயரும் நேரமும் சரியாக இருக்க வேண்டும்.

சரி, படத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி எழுதலாமா? எழுதலாம், நாள் கணக்கில் ஆகும். ஆனால் எந்த நொடியில் எந்தக் கோப்பு ஒலிக்கிறது என்பது எடிட்டிங் மென்பொருளுக்கு ஏற்கெனவே தெரியும். அதை வெளியே எடுக்கப் பல வழிகள் உண்டு. மிகப் பழையது இ.டி.எல்., அதாவது எடிட் டிசிஷன் லிஸ்ட், வெட்டி ஒட்டிய இடங்களின் பட்டியல். 1971-ல் சி.பி.எஸ்., மெமோரெக்ஸ் நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய சி.எம்.எக்ஸ். நிறுவனத்தின் பெயரில் வழங்கும் வடிவம் இது. டேப் காலத்தில் பிறந்த இந்தப் பட்டியலை பிரீமியர், டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டிங் மென்பொருள்கள் இன்றும் தருகின்றன. ஒலிக்கலவை செய்பவர்கள் புரோ டூல்ஸ் என்ற ஒலி மென்பொருளிலிருந்து செஷன் விவரத்தை எழுத்துக் கோப்பாகவே எடுத்துவிடுவார்கள்.

இ.டி.எல். கோப்பை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் நான்கு நேரங்கள் இருக்கும். எங்கள் படத்தில் ஒரு வரி இப்படி:

00:00:03:00 00:00:44:13 01:04:10:12 01:04:52:00

முதல் இரண்டும் பாட்டுக் கோப்பில் எங்கிருந்து எங்கே வரை எடுத்தோம் என்று சொல்கின்றன. பின்னிரண்டும் படத்தில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்கின்றன. மணி, நிமிடம், விநாடி, கடைசியில் பிரேம் (ஓடும் படத்தின் ஒரு தனிச் சட்டகம்). படம் 01 மணியில் தொடங்குவது தொழில் வழக்கம், ஆகவே இந்த இசை வருவது படத்தின் ஐந்தாவது நிமிடத்தில். நம்மூர் ஒளிபரப்பில் விநாடிக்கு 25 பிரேம். கழிக்கும்போது கடன் வாங்கினால் 25 வாங்க வேண்டும்: 52:00-ஐ 51:25 ஆக்கி 10:12-ஐக் கழித்தால் 41 விநாடி, 13 பிரேம்.

அமெரிக்க முறையில் விநாடிக்கு 29.97 பிரேம். எண்ணும்போது 30 என்று எண்ணினால் ஒரு மணி நேரத்தில் 108 பிரேம், அதாவது 3.6 விநாடி பிசகும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டிவிடுவார்கள், பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாண்டுவதில்லை. 54 நிமிடத்துக்கு இரண்டிரண்டாக 108. படத்திலிருந்து ஒரு பிரேம்கூடப் போகாது, போவது எண் மட்டும்தான். இது தெரியாமல் கழித்தால் கணக்கு பிசகும்.

கழித்தல் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து எல்லா வரிகளையும் எக்செலில் போட்டுக் கூட்டினேன். 41 விநாடி இசைக்கு இரண்டு மடங்கு நேரம் வந்தது. காரணம், இடது காதுக்கு ஒரு வரி, வலது காதுக்கு ஒரு வரி. இன்னோர் இடத்தில் விவரிப்புக் குரல் வரும்போது இசையைத் தணிப்பதற்காக ஒரே பாட்டை மூன்றாக வெட்டியிருந்தோம், பட்டியலில் மூன்று இசைகளாக நின்றது. வெட்டிய இடம் உறுத்தாமலிருக்க ஒன்றின் வால் மற்றதன் தலைமேல் ஏறியும் இருந்தது. ஓலை வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓலைகளின் நீளத்தையெல்லாம் கூட்டினால் கூரையின் நீளம் வராது, ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தானே கிடக்கின்றன.

க்யூ ஷீட் தயாரிக்கும் மென்பொருள் செய்வதும் கூரையை அளக்கும் வேலைதான். வரிகளைத் தொடக்க நேரப்படி அடுக்கும். அடுத்த வரியில் அதே கோப்பின் பெயர் இருந்து, முந்தையது முடியும் முன்போ முடிந்த கையோடோ அது தொடங்கினால் இரண்டையும் ஒன்றாக்கி, முடிவு நேரத்தை மட்டும் நீட்டும். நடுவில் எத்தனை பிரேம் இடைவெளி இருந்தால் ஒரே இசை என்று கொள்ளலாம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நான் ஒரு விநாடி என்று வைத்திருக்கிறேன்.

இ.டி.எல்.லின் அந்த நேர வரிகளில் ஒலியளவு இல்லை. முழுக்கத் தணித்து வைத்த கிளிப்பும் ஒலிப்பதாகவே தெரியும். எடிட்டிங் மென்பொருள் தரும் இன்னொரு வகைப் பட்டியலான எக்ஸ்.எம்.எல். கோப்பில் கிளிப் அணைக்கப்பட்டதா என்ற குறிப்பு உண்டு, பாட்டுக் கோப்பு கணினியில் இருக்கும் பாதையும் உண்டு. அந்தப் பாதையில் போய், இசை நூலகங்கள் கோப்புக்குள்ளேயே பதித்துத் தரும் இசையமைப்பாளர் பெயரைப் படித்து நிரப்பிவிடலாம். அதனால் முடிந்தவரை எக்ஸ்.எம்.எல். எடுப்பதே நல்லது. ஆனால் ‘பி.ஜி.எம். புதுசு 2’ என்று நாமே பெயர் மாற்றி வைத்திருந்து, உள்ளேயும் எதுவும் பதிக்காமல் இருந்தால் எந்த மென்பொருளாலும் யார் இசை என்று சொல்ல முடியாது.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. படத்தில் ஓர் அம்மன் கோயில் கொடை விழா வருகிறது. வில்லுப்பாட்டு, குடமும் உடுக்கையும் சேர்ந்து முழங்க ஒன்றரை நிமிடம் ஓடும். படத்திலேயே உயிருள்ள இசை அதுதான். பட்டியலில் அதைத் தேடினால் கேமரா கொடுத்த எண்ணோடு ஒரு வீடியோ கிளிப் மட்டும் இருக்கிறது. இசை ட்ராக்கில் நாங்கள் வைத்த பாட்டு அல்லவே அது, காட்சியோடு சேர்ந்து மைக்கில் பதிந்த ஒலி. கடலலைச் சத்தமும் வில்லுப்பாட்டும் மென்பொருளுக்கு ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கிய கருவியிசைக்கெல்லாம் தாளில் இடம் கிடைத்தது, வில்லுப்பாட்டு பாடிய நம் ஊர்ப் புலவருக்கு இல்லை.

ஹெட்போன் மாட்டி அந்தக் காட்சியைக் கேட்டு, தொடக்கமும் முடிவும் குறித்து, ‘திரையில் தெரியும் பாட்டு’ என்ற வகையில் கையால் ஒரு வரி சேர்த்தேன். இசையமைத்தவர் யார்? புலவரிடம் போனில் கேட்டேன். “இது எங்க அப்பா பாடினது தம்பி, அதுக்கு முந்தி அவரோட அப்பா” என்றார். அந்தக் கட்டத்தில் ‘மரபு’ என்று எழுதினேன். மரபுப் பாட்டுக்குத் தனி உரிமையாளர் இல்லாமலிருக்கலாம், ஆனால் பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று சட்டத்தில் 50 ஆண்டு உரிமை உண்டு. அதனால் பக்கத்தில் குழுவில் இருந்த எல்லார் பெயரையும் சேர்த்தேன். குடம் அடித்தவர் பெயர் மட்டும் புலவருக்கு நினைவில்லை. அன்று வேறு ஒருவருக்குப் பதிலாக வந்தவராம். நாலு பேரிடம் கேட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் அவர் பெயர் கிடைத்தது.

இப்போது கொடையோ கச்சேரியோ படம்பிடிக்கப் போனால், மைக்கை அணைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் அவரவர் பெயரை மைக்கிலேயே சொல்லச் சொல்கிறோம். குடம் அடிப்பவரிடம்தான் முதலில் போகிறோம்.