சிங்கப்பூர் மாணவர் அனுமதி: படிக்க வந்தவர் எப்போது வேலை பார்க்கலாம்?

சிங்கப்பூரில் முழுநேரமாகப் படிக்க விரும்பும் வெளிநாட்டவர், குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடமிருந்து மாணவர் அனுமதி பெற வேண்டும். தேசியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கும் தனியார் கல்வி நிலையத்தில் பட்டயப் படிப்பில் சேர்ந்தவருக்கும் ஒரே பெயரில்தான் இந்த அனுமதி வழங்கப்படுகிறது என்பதால், அதன் உரிமைகளும் ஒன்றே எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் பகுதிநேர வேலை பார்க்கலாமா என்பதை, மாணவர் எந்தக் கல்வி நிலையத்தில் சேர்ந்தார் என்பதே தீர்மானிக்கிறது. கட்டணம் செலுத்திய பிறகு இதை அறிந்துகொள்வதால் பயன் அதிகமில்லை.

அனுமதி பெறும் முறை எளிமையானதே. கல்வி நிலையம் மாணவரின் பெயரை ஆணையத்தின் இணையவழி அமைப்பில் பதிவு செய்யும். மாணவர் அதில் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். ஏற்கப்பட்டால் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம் வரும். நுழைவு விசா தேவைப்படும் நாட்டினருக்கு, இந்தியர்கள் உட்பட, இக்கடிதமே ஒருமுறை நுழைவதற்கான விசாவாகவும் பயன்படும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பாயின் நெஞ்சு எக்ஸ்ரேயும் எச்ஐவி பரிசோதனையும் உண்டு. 2023 பிப்ரவரி முதல் பிளாஸ்டிக் அட்டைக்குப் பதிலாக மின்னிலக்க வடிவில் அனுமதி வழங்கப்படுகிறது. எனவே அட்டை இன்னும் கைக்கு வரவில்லையே என்று காத்திருக்கத் தேவையில்லை.

வேலை பார்ப்பதற்கான விதி மனிதவள அமைச்சின் பொறுப்பில் இருக்கிறது. வெளிநாட்டவர் எவரும் வேலை அனுமதி இல்லாமல் சிங்கப்பூரில் வேலை செய்யக்கூடாது என்பது பொது விதி. அமைச்சு தன் பட்டியலில் வைத்துள்ள கல்வி நிலையங்களின் முழுநேர மாணவர்களுக்கு மட்டுமே அதிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆறு, பலதுறைத் தொழிற்கல்லூரிகள் ஐந்து, லாசால் கலைக் கல்லூரி, நான்யாங் நுண்கலைக் கழகம் ஆகியவையும் வேறு சில கல்வி நிலையங்களும் அப்பட்டியலில் உள்ளன. பட்டியலில் இல்லாத தனியார் கல்வி நிலையத்தின் மாணவருக்குப் பகுதிநேர வேலை பார்க்கும் உரிமை அறவே இல்லை, விடுமுறையிலும் இல்லை. ‘படித்துக்கொண்டே சம்பாதித்துச் செலவைச் சமாளிக்கலாம்’ என்று முகவர் சொல்வதை நம்பிக் கடன் வாங்கி வருவோர் சிக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விலக்கு பெற்ற மாணவர் படிப்புத் தவணை நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரையிலும், தவணை விடுமுறையில் வரம்பின்றியும் வேலை செய்யலாம். இந்த 16 மணி நேரம் மாணவருக்கானதே அன்றி ஒவ்வொரு முதலாளிக்கும் தனித்தனியாக உரியது அன்று. அடுமனையில் 10 மணி நேரமும் துணைப்பாட நிலையத்தில் 8 மணி நேரமும் ஒரே வாரத்தில் வேலை பார்த்தால், கூட்டுத்தொகை 18 ஆகி, விதி மீறப்பட்டுவிடும். பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக, மதிப்பெண்ணுடன் அமைந்த வேலைப் பயிற்சி இந்த வரம்புக்குள் வராது. சம்பளமில்லாமல் உதவி செய்தால் பரவாயில்லை என்ற எண்ணமும் தவறு. சட்டம் ஊதியம் பெறாத வேலையையும் வேலையாகவே கருதுகிறது. வெளிநாட்டு மாணவர், ஊழியர்களின் கட்டாயச் சேமிப்புத் திட்டமான மத்திய சேமநிதிக்குச் சந்தா செலுத்த வேண்டியதில்லை என்பதால், அதன் பெயரில் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டிருந்தால் உடனே கேள்வி எழுப்பலாம்.

அனுமதியின்றி வேலை செய்தவருக்கு, வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டத்தின்படி 20,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வேலைக்கு வைத்த முதலாளிக்கும் தண்டனை உண்டு. ஆனால் அதனால் மாணவரின் குற்றம் குறைந்துவிடாது.

தனியார் கல்வி நிலையத்தைத் தேர்ந்தெடுப்போர் அதனிடம் எடுடிரஸ்ட் (EduTrust) எனும் தரச் சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அச்சான்றிதழ் இல்லாத நிலையத்தின் மாணவருக்கு மாணவர் அனுமதி கிடைக்காது. தனியார் கல்வி நிலையங்கள் மாணவருடன் நிர்ணயிக்கப்பட்ட வடிவிலான ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். கையெழுத்திட்ட பின் மனம் மாறினால் விலகிக்கொள்வதற்கு ஏழு வேலைநாள் அவகாசம் தரப்படுகிறது. கட்டணப் பாதுகாப்பு ஏற்பாடும் கட்டாயம்; நிலையம் மூடப்பட்டால் செலுத்திய பணத்துக்கு அதுவே பிடிமானம். இங்கே வருகைப் பதிவும் கண்டிப்பானது: மாத வருகை 90 விழுக்காட்டுக்குக் குறைந்தாலோ, தக்க காரணமின்றி தொடர்ந்து ஏழு நாள் வராவிட்டாலோ அனுமதி ரத்தாகும் நிலை வரலாம்.

படிப்பு முடிந்தாலோ இடையில் நின்றாலோ ஏழு நாட்களுக்குள் மாணவர் அனுமதியை ரத்து செய்துவிட வேண்டும். வேலை செய்வதற்கான விலக்கும் படிப்புடன் முடிந்துவிடுகிறது. கடைசித் தேர்வு முடிந்த மறுநாளே பழைய கடையில் முழுநேரமாகச் சேர்ந்துவிடலாம் என்று நினைப்பவர், அதைத் தவணை விடுமுறை என்று வாதிட முடியாது. பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்கள், தகுதியிருந்தால், வேலை தேடுவதற்காக ஓராண்டு வரை தங்கும் நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது தேடுவதற்கான அனுமதி மட்டுமே. வேலை கிடைத்ததும், முதல் நாள் பணிக்குச் செல்வதற்கு முன் முதலாளி உரிய வேலை அனுமதியைப் பெற்றுத் தந்திருக்க வேண்டும்.