நிறம் மாறும் விளக்கு: அட்டையில் 12 மணி நேரம், கொலுப் படியில் ஒன்றேகால்

நவராத்திரி நெருங்கினால் பெங்களூரு எஸ்பி ரோட்டுக் கடைகளில் ரிமோட்டிலும் மொபைல் ஆப்பிலும் நிறம் மாறும் பேட்டரி விளக்குகளைக் கேட்டு வருபவர்கள் கூடிவிடுவார்கள். மல்லேஸ்வரத்துக் கொலுப் படிக்கும், அல்சூர் வாடகை வீட்டின் பால்கனிக்கும் ஒயர் இழுக்காமல் ஒட்டிக்கொள்ளலாம் என்பது உண்மையான வசதிதான். ஆனால் கடையில் எல்லோரும் கேட்பது எத்தனை நிறம் என்று. உள்ளே எத்தனை வாட்-மணி, அதாவது பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்று யாரும் கேட்பதில்லை.

கணக்கு எளிது. லித்தியம் செல்லின் எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) கொள்ளளவு எண்ணை ஆயிரத்தால் வகுத்து, அதன் வோல்ட்டான 3.7-ஆல் பெருக்குங்கள். 2000 எம்ஏஎச் என்றால் 7.4 வாட்-மணி. சர்க்யூட் இழப்புக்கு 15 சதவீதம் கழித்தால் கைக்கு வருவது சுமார் 6.3. விளக்கு 5 வாட் என்றால் முழு வெளிச்சத்தில் ஒன்றேகால் மணி நேரம்; அரை வாட்டுக்கு மங்கவைத்தால் 12 மணி நேரத்துக்கு மேல். அட்டையில் இருக்கும் ‘12 மணி நேரம்’ இந்த இரண்டாவது கணக்கு. பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த வெளிச்சத்தில் கீழ்ப்படிச் செட்டியார் பொம்மையின் முகம் தெரியாது.

எம்ஏஎச் எண்ணே பொய்யாக இருப்பதும் உண்டு. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 செல்லில், நல்ல கம்பெனி சரக்கிலேயே 3500 எம்ஏஎச் அளவுதான் அடங்கும். 9900 என்று அச்சடித்த செல்லைத் தொடவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒன்றை மாட்டுங்கள். முழுதாக இறங்கிய விளக்கை முழுதாக ஏற்றி, எத்தனை எம்ஏஎச் உள்ளே போனது என்று பாருங்கள். மலிவு விளக்குகளில் பெரும்பாலும் டிபி4056 போன்ற, உள்ளே வரும் கரண்ட்டை ஏறக்குறைய அப்படியே செல்லுக்கு அனுப்பும் லீனியர் சார்ஜிங் சிப்தான் இருக்கும் என்பதால், மீட்டர் காட்டும் எண் ஏறக்குறைய செல்லின் உண்மைக் கொள்ளளவு. 2000 போட்ட விளக்கு 1100-இல் நின்றுவிட்டால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது நிறம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து எரிந்தால்தான் இவற்றில் பலவற்றில் வெள்ளை வரும். அதாவது வெள்ளைதான் அதிகம் தின்கிற நிறம்; தனிச் சிவப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடும். இரவு முழுக்க எரியவேண்டுமென்றால் ஒற்றை நிறத்தில் வையுங்கள். வெள்ளை வேண்டுமென்றால் தனி வெள்ளை எல்இடியும் சேர்ந்த மாடலை வாங்குங்கள், வெளிச்சமும் பளிச்சென்று இருக்கும்.

வெள்ளை மெல்ல மெல்லச் சிவந்துகொண்டே போனால் எல்இடி போய்விட்டது என்று தூக்கிப்போடுகிறார்கள். சிவப்பு எல்இடி 2 வோல்ட்டிலேயே எரியும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் பக்கம் வேண்டும். பேட்டரி இறங்க இறங்க அவை இரண்டும் முதலில் மங்கும், சிவப்பு கடைசிவரை நிற்கும். கோளாறு பேட்டரியில். மூன்று ட்ரிபிள் ஏ போடும் வட்ட விளக்குகளில் 1.2 வோல்ட் ரீசார்ஜபிள் செல்களைப் போட்டால் மொத்தமே 3.6 வோல்ட்தான் என்பதால், நீலம் முதல் நாளே சோர்ந்து தெரியக்கூடும்.

அணைத்து வைத்தாலும் செலவு நிற்காது. ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் சென்சார் அரை மில்லிஆம்பியர் இழுத்தாலே 1000 எம்ஏஎச் செல் 80 நாள் சொச்சத்தில் காலி, ஒரு தடவைகூட எரியாமல். வைஃபை சிப் தூங்காமல் விழித்திருந்தால் 70 மில்லிஆம்பியர் பக்கம் போகும். மேலே சொன்ன 2000 எம்ஏஎச் செல் ஒரு நாளைத் தாண்டி சில மணி நேரம்தான் தாங்கும். எனவே பேட்டரி விளக்கு என்றால் ப்ளூடூத் அல்லது ரிமோட், கூடவே பக்கத்தில் தள்ளி அணைக்கும் நிஜ சுவிட்ச். வைஃபை ஒயர் விளக்குகளோடு இருக்கட்டும்.

காசைப் பார்ப்போம். ஒரு அல்கலைன் ட்ரிபிள் ஏ 20 ரூபாய், அதில் 1.2 வாட்-மணி என்று வைத்தால், ஒரு யூனிட் (1000 வாட்-மணி) கரண்ட் சுமார் 16,700 ரூபாய்க்கு விழுகிறது! பெங்களூரு மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் யூனிட்டை ஏறக்குறைய 6 ரூபாய்க்குத் தருகிறது. பிளக் பாயிண்ட் இரண்டு மீட்டருக்குள் இருந்தால் 5 வோல்ட் யூஎஸ்பி ஸ்ட்ரிப் வாங்குவதே புத்திசாலித்தனம். பேட்டரி விளக்கே வாங்கியாகவேண்டும் என்றால், ஸ்க்ரூ கழற்றி செல்லை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். லித்தியம் செல் 300 முதல் 500 சார்ஜில் தளர்ந்துவிடும், எல்இடியோ பல்லாயிரம் மணி நேரம் உழைக்கும். பசைபோட்டு மூடிய விளக்கின் ஆயுள் செல்லின் ஆயுள்தான். செல்லின் மேல் பேட்டரிப் பாதுகாப்புத் தரமான ஐஎஸ் 16046 முத்திரையும் பதிவெண்ணும் இருந்தால், அந்தப் பதிவெண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் தட்டிப் பார்க்கலாம்.

டைப்-சி விளக்கு புது போன் சார்ஜரில் ஏறவில்லை என்றால் பயப்படவேண்டாம். இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளுக்கு விளக்குக்குள் 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்கள் வேண்டும். அதை மிச்சம் பிடித்திருப்பார்கள். பழைய அகல யூஎஸ்பி முனை உள்ள கேபிளில் ஏறிவிடும்.

விஜயதசமிக்குப் பிறகு பொம்மைகளோடு விளக்கையும் பரணில் ஏற்றுவதில்தான் பாதி விளக்கு சாகிறது. ட்ரிபிள் ஏ செல்களைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டு ஒழுகி வெள்ளைப் பொடி பூத்திருந்தால், கையுறை போட்டு, எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே புதுச் செல். லித்தியம் விளக்கைப் பாதி சார்ஜில் நிஜ சுவிட்சை அணைத்து வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதிவரை ஏற்றுங்கள். வெயில் இறங்கும் ஷீட் கூரைக்கு அடியில் வேண்டாம். செல் உப்பியிருந்தால் சார்ஜ் போடவோ குத்தவோ கூடாது. மின்கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்கவேண்டும், குப்பை வண்டியில் அல்ல.