அயர்லாந்து ராணுவத்தில் வீரப் பதக்கம் வாங்குவது எப்படி?

அயர்லாந்து ராணுவத்தின் மிக உயர்ந்த வீர விருதுக்கு ‘அன் பௌன் மீலாத்தா கல்மக்தா’ என்று பெயர். ஐரிஷ் மொழியில் ‘துணிவுக்கான ராணுவப் பதக்கம்’. 1944இல் ஏற்படுத்தினார்கள். ஆனால் 1960இல் நடந்த ஒரு சண்டைக்குத்தான் முதல் பதக்கமே கொடுக்கப்பட்டது. இதுவரை வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

யாருக்குக் கிடைக்கும்? ராணுவப் பணி தொடர்பாக, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்கும் நிலையில், அசாதாரணத் துணிச்சலோடு ஒரு காரியம் செய்தவருக்கு. இதில் விசித்திரமான ஒரு விலக்கு உண்டு: போர்ப் பணியில் செய்த செயலாக இருக்கக் கூடாது. ராணுவத்தின் பெரிய பதக்கத்தில் போரே கிடையாதா என்று கேட்கத் தோன்றும். அயர்லாந்து நடுநிலை நாடு. போருக்கு ஆள் அனுப்புவதில்லை. 1958இலிருந்து ஐநா அமைதிப் பணிகளுக்கு அனுப்பி வருகிறது. சட்டப்படி அது போர் இல்லை, சுடப்பட்டுச் செத்தாலும். நம் ஊர்க் கணக்கில் பார்த்தால், எதிரிக்கு முன் காட்டும் வீரத்துக்கான பரம்வீர் சக்ராவைவிட அசோக சக்ராவுக்குத்தான் இதன் இலக்கணம் நெருக்கம்.

அந்த முதல் பதக்கம் அந்தோணி பிரவுன் என்ற இளம் சிப்பாய்க்கு. 1960 நவம்பர் 8 அன்று காங்கோவில் நியெம்பா என்ற இடத்தில் பதினொரு ஐரிஷ் வீரர்கள் போன ரோந்துப் படையை பலூபா இனத்தவர் சூழ்ந்து தாக்கினார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். பிரவுனுக்குக் காயம் இல்லை, தப்பித்துப் போயிருக்கலாம் என்கிறது விருதுக் குறிப்பு. காயம்பட்ட தோழர் தப்பட்டும் என்று தன் துப்பாக்கியால் சுட்டு, எதிரிகளின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் உடல் கிடைக்கவே இரண்டு வருஷம் ஆனது.

இதற்கு அடுத்த படியில் இருப்பது 1964இல் வந்த ‘சிறப்புச் சேவைப் பதக்கம்’. இதற்கு வீரம்தான் வேண்டும் என்று இல்லை. தலைமைப் பண்பு, திறமை, கடமை உணர்ச்சி இவற்றுக்கும் உண்டு. 1990 ஜனவரியில் பான்ட்ரி விரிகுடாவில் புயலில் பாறை தட்டிய ஸ்பெயின் மீன்பிடிப் படகைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்த கடற்படை வீரர் மைக்கேல் குவின்னுக்குக் கிடைத்தது இந்தப் பதக்கம்தான். இரண்டு பதக்கங்களிலுமே மூன்று தரம் உண்டு. வெளிநாட்டுப் பணியில் எதிரித் தாக்குதலில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு ‘ராணுவ நட்சத்திரம்’ தனி. மற்றபடி இத்தனை ஆண்டு பணி செய்தார், அமைதிப் படைக்குப் போனார் என்பதற்கான பதக்கங்கள் பெரும்பாலான சிப்பாய்களின் சட்டையில் இருக்கும்.

சரி, வீரமாக நடந்தால் பதக்கம் தானாக வந்துவிடுமா? வராது. மேலதிகாரி பரிந்துரை எழுத வேண்டும். அதை மூத்த அதிகாரிகள் அடங்கிய பதக்க வாரியம் ஆராயும். இங்கேதான் கடிகாரம் ஓடுகிறது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் பரிந்துரை தொடங்கியிருக்க வேண்டும். நான்கு ஆண்டுக்குள் பதக்கம் கொடுத்து முடித்திருக்க வேண்டும். நினைவுகள் கலங்குவதற்குள் விசாரித்துவிட வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் வாரியமே தவறினால்? ‘ஜாடோவில்’ (Jadotville) என்ற ஊரின் கதை அதுதான்.

1961 செப்டம்பர் 13. காங்கோவிலிருந்து பிரிந்துபோனதாக அறிவித்திருந்த கட்டாங்கா மாகாணத்தில், அந்த ஜாடோவில் என்ற சுரங்க ஊரில் ஐநா பணியில் இருந்த ஐரிஷ் படையின் ‘ஏ’ கம்பெனியின் 150க்கும் சற்று அதிகமான வீரர்கள். பலர் திறந்தவெளியில் காலைப் பூசையில் இருந்த நேரம் பார்த்து கட்டாங்காப் படையும் வெளிநாட்டுக் கூலிப்படையினரும் தாக்கினார்கள். தலைவர் பாட் குவின்லன் முன்கூட்டியே பதுங்கு குழி வெட்ட வைத்திருந்தார். கடைசித் தோட்டா தீரும்வரை நிற்போம், கொஞ்சம் விஸ்கி இருந்தால் தேவலை என்று ரேடியோவில் சொன்னார். ஒரு ஹெலிகாப்டர் தண்ணீர் கொண்டுவந்தது; கேன்களில் முன்பு பெட்ரோல் இருந்ததால் குடிக்க முடியவில்லை. உதவிக்கு வந்த படையோ லுஃபிரா பாலத்தைத் தாண்ட முடியாமல் திரும்பியது. ஐந்தாம் நாள், தோட்டாவும் தண்ணீரும் தீர்ந்து சரணடைந்தார்கள். ஐந்து நாள் சண்டையில் ஐரிஷ் தரப்பில் ஒருவர்கூடச் சாகவில்லை.

சிறையிலிருந்து மீண்டதும் குவின்லன் தன் வீரர்கள் பலரை வீரப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்தார். அதாவது, கெடுவுக்குள்ளேயே எழுதிவிட்டார். வாரியம் மறுத்தது. 1965இல் மறுபடி பார்த்து, பழைய முடிவை மாற்றக் காரணமில்லை என்று சொல்லிவிட்டது. சரணடைந்தவர்கள் என்ற பேச்சுதான் மிஞ்சியது. அதே கட்டாங்காவில் 1961 டிசம்பரில் ஐநா பணியில் உயிர்விட்ட இந்திய கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்கு இந்தியா பரம்வீர் சக்ராவே கொடுத்தது. அமைதிப் பணியை இரண்டு நாடுகள் எவ்வளவு வேறு கண்ணால் பார்த்தன பாருங்கள்.

நான்கு ஆண்டு கடந்ததும் கதவு மூடிக்கொண்டது. பழைய வீரர்களும் குடும்பங்களும் விடாமல் தட்டினார்கள். அரசு கதவைத் திறக்கவில்லை, பக்கத்தில் வேறு வாசல் வைத்தது. 2016இல் தனி ஆளுக்கு இல்லாமல் முழுக் கம்பெனிக்கும் சேர்த்து ‘படைப்பிரிவுப் பாராட்டு’ கொடுத்தார்கள். அயர்லாந்தில் அதுவே முதல்முறை. அடுத்த ஆண்டு ‘ஜாடோவில் பதக்கம்’ என்று புதிதாகவே ஒன்றை உண்டாக்கினார்கள். 2017 டிசம்பர் 2 அன்று, அவர்கள் காங்கோவுக்குக் கிளம்புவதற்கு முன் இருந்த அத்லோன் நகரத்தில், உயிரோடிருந்தவர்கள் நேரில் வாங்கிக்கொண்டார்கள்; மற்றவர்களுக்காகக் குடும்பத்தார் வந்தார்கள். குவின்லன் 1997இலேயே காலமாகிவிட்டார். அந்தக் கம்பெனியில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே பதக்கம் என்பதால், யார் என்ன துணிச்சல் காட்டினார் என்ற கேள்விக்குள் அரசு அப்போது போகவில்லை.