சப்க்வெரி எந்த டேபிளைப் பார்க்கிறது?

டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விதான் க்வெரி; ஒரு க்வெரிக்குள் இருக்கும் இன்னொரு க்வெரி சப்க்வெரி. மாணவர் என்று ஒரு டேபிள். அதில் பெயர், பிரிவு, மதிப்பெண். தன் பிரிவின் சராசரியைவிட அதிகம் வாங்கியவர்கள் யார் யார் என்று கேட்கிறோம். இதற்கு ஒரே டேபிளை இரண்டு இடத்தில் படிக்க வேண்டும். வெளி க்வெரி ஒவ்வொரு மாணவராக எடுக்கும்; உள்ளே இருக்கும் சப்க்வெரி அவருடைய பிரிவுக்குச் சராசரி போடும். குழப்பம் வராமல் இருக்க வெளியே ம1, உள்ளே ம2 என்று மாற்றுப்பெயர் வைக்கிறோம். இரண்டையும் கட்டிவைப்பது ஒரே நிபந்தனை: ம2.பிரிவு = ம1.பிரிவு.

அது ம2.பிரிவு = ம2.பிரிவு என்று மாறிவிட்டால்? டேட்டாபேஸ் வாயே திறக்காது. இலக்கணப்படி அது சரியான க்வெரி. ஆனால் ஒரு பிரிவு தனக்குத்தானே சமம் என்பது எப்போதும் உண்மை என்பதால், எல்லா மாணவரும் சராசரிக் கணக்குக்குள் வந்துவிடுவார்கள்.

அ பிரிவில் 40, 50, 60. ஆ பிரிவில் 70, 80, 90 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 50, 80. சரியான விடை 60-உம் 90-உம். பிழையான க்வெரி மொத்தச் சராசரி 65-ஐ எடுத்துக்கொண்டு 70, 80, 90 என்று தரும். அ பிரிவில் 60 வாங்கிய முதல் மாணவர் காணாமல் போகிறார், ஆ பிரிவில் 70 வாங்கிய கடைசி மாணவர் பட்டியலில் வந்து நிற்கிறார். என்னைப் பொறுத்தவரை இதுதான் உண்மையிலேயே பயப்பட வேண்டிய பிழை. இல்லாத மாற்றுப்பெயரைக் குறிப்பிட்டால் போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ் உடனே நிறுத்திவிடும், அதைச் சரிசெய்வது எளிது.

இந்த க்வெரியை நாம் கையால் எழுதாமல் ஓஆர்எம் (நம் நிரலிலிருந்து க்வெரியைத் தானே உருவாக்கும் கருவி) எழுதும்போது பிழை எப்படி நுழைகிறது? ஓஆர்எம் க்வெரியை முதலில் ஒரு மரமாகக் கட்டுகிறது. தனியாகக் கட்டிய க்வெரியை இன்னொன்றுக்குள் செருகும்போது, உள்ளே இருக்கும் மாற்றுப்பெயர்களைப் புதிதாக மாற்ற வேண்டும். ஜாங்கோ என்ற பைதான் கட்டமைப்பின் ஓஆர்எம் இதற்காக உள் டேபிள்களுக்கு யூ0, யூ1 என்றும், அதற்கும் உள்ளே போனால் வி0 என்றும் பெயர் வைக்கிறது. நிபந்தனை, வரிசைப்படுத்தல், கணக்கிட்ட நெடுவரிசை என்று மரத்தில் அந்தப் பெயர் வரும் எல்லா இடத்திலும் மாற்றம் போய்ச் சேர வேண்டும். ஒரு கிளை விடுபட்டால் போதும், அது பழைய பெயரோடு வெளி டேபிளையே காட்டிக்கொண்டிருக்கும். எஸ்கியூஎல்ஆல்கெமி என்ற இன்னொரு ஓஆர்எம்மில் சிக்கல் வேறு மாதிரி: வெளியே இருக்கும் டேபிள் சப்க்வெரியிலும் வந்தால், அதை வெளியே இருப்பதாகவே எடுத்துக்கொண்டு உள்ளே இருந்து தானாகவே நீக்கிவிடும். அது வேண்டாம் என்றால் உள்ளே இருப்பதற்கு நாமே மாற்றுப்பெயர் வைக்கலாம்.

ஓஆர்எம்கள் நெடுவரிசைப் பெயருக்கு முன்னால் டேபிள் பெயரை ஒட்டுவதற்கும் வலுவான காரணம் உண்டு. வெறும் பெயரைக் கண்டால், க்வெரி எழுதும் மொழியான எஸ்கியூஎல் முதலில் உள்ளே தேடும், கிடைக்காவிட்டால் வெளியே தேடும். பழைய வாடிக்கையாளர்களின் ஆர்டர்களை நீக்கச் சொல்கிறோம். பழைய வாடிக்கையாளர் பட்டியலைப் படிக்கும் சப்க்வெரியில் ‘வாடிக்கையாளர்_எண்’ என்று எழுதுகிறோம். ஆனால் அந்தப் பழைய பட்டியலில் அதன் பெயர் வெறும் ‘எண்’. உடனே டேட்டாபேஸ் ஆர்டர் டேபிளில் இருக்கும் வாடிக்கையாளர்_எண்ணையே எடுத்துக்கொள்ளும். பட்டியலில் ஒரு வரிசை இருந்தாலும் போதும், வாடிக்கையாளர் எண் பதிவான ஆர்டர் அத்தனையும் அழிந்துவிடும். ஓஆர்எம்முக்குள் கையால் எழுதிய எஸ்கியூஎல் துண்டைச் செருகும்போதும் இந்த ஆபத்து வருகிறது, ஏனென்றால் அந்தத் துண்டுக்குள் ஓஆர்எம் எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? உருவான எஸ்கியூஎல்லை அச்சிட்டு, சப்க்வெரியின் ஒவ்வொரு சமக்குறிக்கும் இரு பக்கமும் எந்த மாற்றுப்பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம், சோதனைத் தரவில் குறைந்தது இரண்டு பிரிவுகளாவது இருக்கட்டும். ஒரே பிரிவு மட்டும் இருந்தால் பிரிவின் சராசரியும் மொத்தச் சராசரியும் ஒன்றுதான். பிழையான க்வெரியும் அந்தச் சோதனையில் தேறிவிடும்.