அழுகல் முந்துமா, பழுப்பது முந்துமா?

“பிரிக்ஸ் 22 காட்டுகிறது, பறித்துவிடலாமா?” என்று ஒயின் திராட்சை வளர்ப்பவர்கள் கேட்டால், “பூத்த வாரத்தில் மழை பெய்ததா?” என்று நான் திருப்பிக் கேட்பேன். சம்பந்தமில்லாத கேள்வியாகத் தோன்றும். பிரிக்ஸ் என்பது சாற்றின் சர்க்கரை அளவு. அதை அளக்கும் கருவிக்கு அன்றைய சாறு மட்டுமே தெரியும். கொடி அதுவரை பட்ட பாடு தெரியாது.

திராட்சைப் பூவின் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சிறு தொப்பியாக மூடியிருக்கும். இதமான வெயிலில் அது கழன்று விழும். குளிரும் மழையும் சேர்ந்துகொண்டால் தொப்பி கழலாது, கருவுறுதல் தடைபடும், பிஞ்சுகள் உதிரும். தப்பிய கொத்திலும் பெரிய மணியும் மிளகளவு மணியும் கலந்து நிற்கும். பூப்பது இழுத்துக்கொண்டே போனால் பழுப்பதும் அப்படியேதான். அத்தகைய தோட்டத்தில் சராசரி 22 என்பதை நம்பி இறங்கக் கூடாது.

உறைபனி அதற்கும் முன்பே கைவைத்துவிடும். 2021 மார்ச் இறுதியில் பிரான்சில் வெப்பம் கூடியதால் கொடிகள் சீக்கிரமே துளிர்த்தன. ஏப்ரல் தொடக்கத்து உறைபனி அந்தத் துளிர்களைக் கருக்கியது. கருகிய இடத்தில் துணை மொட்டு தளிர்விடும்தான். ஆனால் அதில் கொத்து குறைவு, பழுப்பதும் தாமதம்.

மழை ஆண்டில் அடிச்சாம்பல் என்ற பூஞ்சண நோய் தொற்ற, பத்து சென்டிமீட்டர் தளிர், பத்து டிகிரி வெப்பம், பத்து மில்லிமீட்டர் மழை என்பது பழைய கணக்கு. மூன்றும் கூடினால் விழித்துக்கொள்ள வேண்டும். மழை விட்டதும் தெளிக்கலாம் என்று காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். தாமிர மருந்து தடுக்குமே தவிர, உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சணத்தைக் குணப்படுத்தாது. மழைக்குப் பின் சேற்றில் டிராக்டரும் இறங்காது.

அறுவடை நெருங்கும்போது பெய்யும் மழைதான் எல்லாவற்றிலும் கொடுமை. மணிகள் வேர் வழியாகவும் தோல் வழியாகவும் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. பினோ நுவார் போன்ற திராட்சை வகைகளின் நெருக்கமான கொத்துகளில் ஒன்றையொன்று நெருக்கி வெடிக்கின்றன. வெடித்த இடத்தில் சாம்பல் அழுகல் என்ற பூஞ்சணம் குடியேறுகிறது. அது உண்டாக்கும் லாக்கேஸ் என்ற நொதி சிவப்பு ஒயினின் நிறத்தையே பழுப்பாக்கிவிடும்; ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடுக்கும் எளிதில் அடங்காது.

ஆகவே கொத்தை வெளியே பார்த்துவிட்டு நகராதீர்கள். நடுத்தண்டு தெரியும்வரை பிளந்து பாருங்கள். அழுகல் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு ஒரு மணியைப் பிய்த்து வாயில் போடுங்கள். விதை பழுப்பேறி, கடித்தால் நொறுங்க வேண்டும். பச்சை விதை நாக்கைத் துவர்ப்பால் இழுக்கும். தோல் உறுதியாக இருந்து, உள்ளே அழுகலும் இல்லையென்றால், மழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் காற்றும் வெயிலும் படவிட்டுப் பறிக்கலாம். உள்ளே அழுகல் தொடங்கி, தொடர்மழை அறிவிப்பும் இருந்தால், சர்க்கரை குறைந்தாலும் பறித்துவிடுவதே என் ஆலோசனை. அழுகியவற்றைக் கழித்துவிட்டு, தோலோடு அதிகம் ஊறவிடாமல் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் செய்யலாம்.

கடும் வெயில் ஆண்டில் கதை வேறு. 35 டிகிரியைத் தாண்டினால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளத் தொடங்கும்; இலை சர்க்கரை செய்வது குறையும். ஆனாலும் மணி சுருங்குவதாலேயே சர்க்கரை ஏறியதுபோல் காட்டும். புளிப்பைத் தரும் மாலிக் அமிலமோ வேகமாகக் கரைந்துபோகும். அப்போது முதலில் அளக்க வேண்டியது புளிப்பை.

அடுத்த ஆண்டுக் கொத்துகளின் கரு இவ்வாண்டு பூக்கும் பருவத்திலேயே மொட்டுக்குள் உருவாகிறது. பூத்த வாரங்கள் குளிரில் கழிந்திருந்தால், கவாத்துக்கு முன் சில மொட்டுகளைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பாருங்கள். கரு குறைந்திருந்தால் வழக்கத்தைவிடக் கூடுதல் மொட்டுகளை விட்டு வெட்டுங்கள்.